பண்ருட்டிப் பக்கம் வேலைக்கு வரும் இளம் மருத்துவருக்கு

கேள்வி: சென்னையில் பிறந்து வளர்ந்து அங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்தவள் நான். கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர உத்தரவு வந்திருக்கிறது. சேர்ந்தாற்போல் பத்து நாள்கூடக் கிராமத்தில் இருந்ததில்லை. படித்ததெல்லாம் மறந்துபோகுமா? அங்கேயே தங்குவதா, கடலூரிலிருந்து போய்வருவதா? மேற்படிப்பு என்ன ஆகும்? பழகுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு முந்திரிக் காலமும் ஆயிற்று. ஏறக்குறைய எட்டு மாதம். மற்றவற்றுக்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-ல் நானும் உங்களைப் போலத்தான் வந்தேன். மயிலாப்பூர்ப் பெண். பண்ருட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கையில் ஒரு சூட்கேஸ், தலை நிறைய பாடப்புத்தகம். இடையில் மேற்படிப்புக்குப் போன காலம் நீங்கலாக, அதே ஒன்றியத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். இப்போது இருப்பது கடலூரில். இன்னமும் அந்த ஊர்க்காரர்கள் பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள்.

வசதிக் குறைவு பற்றி எல்லாரும் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. பெரிய வித்தியாசம் வேறு. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் ஒரு நோயாளியை நாம் நடுவில் பார்க்கிறோம். எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்றும் தெரியாது. கிராமத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை மறுநாள் காலை சைக்கிளில் உங்கள் எதிரே வரும். கேட்டதா, வாந்தி எடுத்தாரா, குப்பையில் போட்டாரா என்பது டீக்கடைக்குத் தெரிந்து, பிறகு உங்களுக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ளப் பழகுவதுதான் பழக்கம். குளியலறையில் தவளை இருப்பதற்கெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

முதலில் மொழி. தமிழ்தானே என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு மாமியார் மருமகளை அழைத்து வந்து, "மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள்" என்றார். ஆங்கிலப் பள்ளியில் படித்த நான், "ஏன், தண்ணீர் வருவதில்லையா?" என்று கேட்டேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாமியார்தான் பரிதாபப்பட்டு, "மாசமாக இருக்கிறாள் அம்மா" என்று பெயர்த்துச் சொன்னார்.

'உப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று நோயைச் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு உப்பு இருக்கிறது என்றால் சிறுநீரில் புரதம். சர்க்கரை நோயாளிக்கு உப்பு ஏறிவிட்டது என்றால் ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும். பிரஷர்காரருக்கு உப்பு என்றால் ஊறுகாய். நான் ஒருவருக்கு உப்பைக் குறையுங்கள் என்று சொன்னதை அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்ததாக எண்ணிக்கொண்டு புதுச்சேரி வரை போய்வந்தார். இளைப்பு என்றால் மெலிவது இல்லை, மூச்சிரைப்பு. குழந்தைக்குக் குடல் ஏற்றம் என்றால் வாந்தியும் வயிற்றோட்டமும். பச்சிளம் குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்றால் விடாமல் அழுகிறது, கழுத்தைத் திருப்ப விடுவதில்லை என்று அர்த்தம். உரம் எடுப்பதற்கென்றே ஊரில் ஒரு பாட்டி இருப்பார். புடவையில் போட்டு உருட்டுவார். உருட்டிய பிறகும் அழுகிற குழந்தைதான் உங்களிடம் வரும், அதற்குக் காது வலியா காய்ச்சலா என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

அக்கி உங்களுக்குத் தெரியும், பாடப்புத்தகத்தில் வேறு பெயரில் படித்திருப்பீர்கள். இங்கே அதற்கு மருத்துவர் குயவர். காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுதுவார். முதல் இரண்டு ஆண்டு நான் அதை எதிர்த்துப் பிரசங்கம் செய்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினேன். "முதுகிலும் இடுப்பிலும் நீங்கள் எழுதுங்கள், நான் குறுக்கே வரவில்லை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் மட்டும் என்னிடம் அனுப்புங்கள், கண்ணுக்கு ஆபத்து" என்றேன். அதன் பிறகு முகத்தில் அக்கி வந்த ஒருவரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. காவியைக் கையால் தொடாமலே, "டாக்டரம்மாவிடம் போ" என்று திருப்பிவிடுவார். எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் சக மருத்துவர் அவர்தான். மேற்கொண்டு, முதுகில் எழுதிக்கொண்டவர்களும் வலிக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் எல்லாரிடமும் இப்படிச் சமரசம் செய்துகொள்ளச் சொல்லமாட்டேன். பட்டம் இல்லாமல் ஊசி போடுகிறவர் ஒருவர் பக்கத்து ஊரில் நிச்சயம் இருப்பார். மூட்டு வலிக்காரர்களுக்கெல்லாம் ஸ்டீராய்டு போட்டு முகத்தை நிலாவாக ஊத வைத்திருப்பார். போன உடனே அவரோடு சண்டைக்கு நிற்காதீர்கள், தோற்பீர்கள். அவரிடம் போகிறவர் ஏன் போகிறார் என்று மட்டும் கவனியுங்கள். நாளைக் காலை முந்திரி பொறுக்கப் போனால்தான் கூலி. இன்று ராத்திரிக்குள் உடம்பு வலி நிற்க வேண்டும். 'மூன்று நாள் ஓய்வெடுங்கள்' என்று நாம் சொல்வது அவர் காதில், 'மூன்று நாள் கூலியை விடுங்கள்' என்றுதான் விழும். முதலாண்டு நானும் பெயர் வாங்குவதற்காகச் சத்து ஊசி போட்டு அனுப்பினேன். தப்பு. ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த முறை ஊசி இல்லாமல் அந்த வீட்டிலிருந்து யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். அதை மாற்ற எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று.

படித்தது மறந்துபோகுமா என்கிறீர்கள். கொஞ்சம் மறக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிற கை வேகம் போய்விடும். பதிலுக்கு வேறு சில வரும். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன், ஒன்றில் நான் தேறினேன், ஒன்றில் தோற்றேன்.

1999-ல், மழை முடிந்த சமயம். விடியற்காலை நான்கு மணி இருக்கும், குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார்கள். பலாக் கொல்லை வைத்திருந்த ஒருவர், முப்பத்தைந்து வயது. இங்கே தோப்பைக் கொல்லை என்றுதான் சொல்வார்கள். நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் வயிற்று வலி என்றால் திருவதிகை. திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலம் அல்லவா, கெடிலக் கரையில் நாலு மைல் தூரத்தில்தான் கோயில். விடிந்ததும் திருநீறு வாங்கி வரலாம் என்று இருந்திருக்கிறார்கள். பிறகு பேச்சுக் குழறியதும், குடித்திருக்கிறார் என்று மனைவியே நினைத்திருக்கிறார். நான் பார்த்தபோது அவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இமையைத் தூக்க முடியவில்லை, அதனால் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. காலில், கையில் எங்கும் கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. "எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். தரையைக் காட்டினார்.

கட்டுவிரியன். இரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலியே இருக்காது. பல் தடத்தைத் தேடினால் கிடைக்காமலும் போகும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும் பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். எங்கள் நிலையத்தில் பத்து குப்பி இருந்தது. பத்தையும் ஏற்றினேன். ஆனால் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, யாராவது அவருக்காக மூச்சு விட வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில்தான். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அன்றைக்கு இருந்தது பலாப்பழம் ஏற்றும் டெம்போ ஒன்று.

கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, பெரியவர்களுக்கானது ஒன்று, பெட்டி பிரிக்காமல் கிடந்தது எங்கள் அதிர்ஷ்டம். டெம்போவின் பின்புறம் வைக்கோலைப் பரப்பி, அவரைக் கிடத்தி, நான் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தத் தொடங்கினேன். செவிலியர் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்து விநாடிக்கு ஒரு தரம். ஒரு மணி நேரத்துக்கு மேல். மடுகரை தாண்டும்போது என் விரல்கள் மரத்துப்போய், அவருடைய தம்பியிடம் பையைக் கொடுத்தேன். எண்ணிக் கொடுத்தால் அழுத்திவிடுவார் என்று தெரிந்தது. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போய்ச் சேரும் வரை நான் எண்ண, அவர் அழுத்தினார். பாடப்புத்தகத்தில் இருந்ததைத்தான் செய்தோம். ஆனால் எந்தப் பாடப்புத்தகத்திலும் வைக்கோல் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அந்த மனிதர் நடந்து வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். பருவம் இல்லாத காலத்தில் எங்கிருந்து பிடித்தாரோ. அவர் கதை இன்னும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இப்போது தோற்ற கதை. வந்து ஒன்பது ஆண்டு ஆகி, இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். மார்கழி. ஆடு மேய்க்கும் ஒரு பெண், ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி. டைபாய்டு என்று முடிவு செய்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் எங்கள் ஆயா என்னைத் தனியே கூப்பிட்டு, "டாக்டரம்மா, அந்தப் பெண்ணின் இடுப்பைப் பார்த்தீர்களா?" என்றார். புடவைக் கொசுவம் இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. அதனால் அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. உண்ணிக் காய்ச்சல். பெயர்தான் உண்ணி, உண்மையில் அதைப் பரப்புவது புதரில் இருக்கும் நுண்சிலந்தியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு. சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதும். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. கவனிக்காமல் இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போயிருக்கும்.

ஆயாவுக்கு எப்படித் தெரிந்தது? உடை மாற்ற உதவியபோது பார்த்திருக்கிறார். நான் ஏன் பார்க்கவில்லை? நான் பார்க்கும் அறையில் திரைச்சீலை இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆண்கள் வரிசை. எந்தப் பெண் இடுப்பைக் காட்டுவாள்? அன்று மாலையே பண்ருட்டியில் துணி வாங்கித் திரை தைத்துப் போட்டேன். நீங்கள் போன முதல் நாளே திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி முதல் மாசி வரை காய்ச்சல் என்று வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் எல்லாம் பாருங்கள். சென்னையில் இதே காய்ச்சலுக்கு நேரே டெங்கு பரிசோதனைக்கு எழுதியிருப்பீர்கள். இங்கே கண்ணுக்கு வேலை கொடுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் அஸித்ரோமைசின்.

வேலையால் வரும் நோய்களை ஊருக்கு ஊர் புதிதாகக் கற்க வேண்டும். பண்ருட்டிச் சுற்றுவட்டத்தில் முந்திரி உடைப்பது பெண்கள். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டும் எண்ணெயைத் தடவிக்கொண்டும் உடைப்பார்கள், இருந்தாலும் விரல் நுனி கருத்து, வெடித்து, தோல் உரியும். ஒரு பாட்டி என்னிடம் கையை நீட்டிக் கேட்டது மருந்து அல்ல, சான்றிதழ். ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழவில்லையாம். அவருடைய கட்டைவிரலை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். ரேகையே இல்லை. வழவழவென்று, கூழாங்கல்லைப் போல. நாற்பது ஆண்டு முந்திரி உடைத்த விரல். களிம்பும் எழுதினேன், சான்றும் எழுதினேன். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால், "போட்டுக்கொண்டால் பருப்பு உடைந்துவிடும், முழுப் பருப்புக்குத்தான் காசு" என்பார்கள். உண்மைதான். அதற்குமேல் உங்களிடம் பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நாட்காட்டியையும் கற்றுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி என்பது அரசாங்க நாட்காட்டி. ஊருக்கு வேறு ஒன்று இருக்கிறது. முந்திரி எடுக்கும் பங்குனி, சித்திரையில் கூட்டம் பாதியாகும், யாரும் நோயாக இருக்க நேரம் இல்லை. தைப்பூசத்தன்று பாதி ஊர் வடலூரில் இருக்கும். இன்னும் முக்கியம், திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு திரௌபதி அம்மன் உண்டு. தீமிதி முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் வந்தார், அறுபது வயது, இருபது ஆண்டுச் சர்க்கரை. பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருந்தது. அவர் முகத்தில் வலியின் சாயலே இல்லை. "அம்மன் அருள், ஒரு துளிகூடச் சுடவில்லை" என்றார். சுடாமல் போனதற்குக் காரணம் சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு காப்புக் கட்டுவதற்கு முன்பே சர்க்கரைக்காரர்களில் யார் யார் வேண்டுதல் வைத்திருக்கிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியர் மூலம் பட்டியல் எடுத்தேன். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்த்தேன். உணர்வு இல்லாத நான்கு பேர். அவர்களிடம் பேசிப் பயன் இல்லை என்று தெரியும், பூசாரியிடம் பேசினேன். அவர் யோசித்துவிட்டு, "மகன் இறங்கட்டும், அப்பா பால்குடம் எடுக்கட்டும், அம்மன் ஏற்றுக்கொள்வாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்று பேர் கேட்டார்கள். நான்காமவர் தீயில் இறங்கினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் ஊரே எனக்குச் சொல்லிக் காட்டியது.

கிராம சுகாதார செவிலியர் என்று போகிற போக்கில் சொன்னேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே இருப்பவர் அவர். எந்த வீட்டில் எந்தப் பெண் மறைத்துக் கர்ப்பமாக இருக்கிறாள், யார் விபூதியை அள்ளித் தின்கிறாள், அதாவது யாருக்கு ரத்தம் குறைவு, எந்தப் புருஷன் புதுச்சேரிக்குப் போய்ச் சரக்கோடு திரும்புகிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அந்தத் தன்னார்வலர் பெண்களும் உங்களுக்குக் கண்ணும் காதும். இவர்கள் வயதில் மூத்தவர்களாக இருந்தால் அக்கா என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அதட்டுகிற பழக்கத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று. இங்கே ஊர்த் தெரு தனி, காலனித் தெரு தனி. புது மருத்துவரை ஊர்த் தெருக்காரர்கள் முதலில் வீட்டுக்கு அழைப்பார்கள், காபி கொடுப்பார்கள். போங்கள். அதே வாரத்தில் காலனித் தெருவிலும் ஒரு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அங்கேயும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். நான் இதைச் செய்ய நான்கு மாதம் தாமதித்தேன். ஆணவத்தால் இல்லை, யாரும் கூப்பிடவில்லை என்று இருந்துவிட்டேன். அந்த நான்கு மாதமும் காலனிப் பெண்கள் கூட்டம் கலைந்த பிறகு, மதியம் ஒரு மணிக்குத்தான் வந்தார்கள். ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்று கடிந்துகொண்டேன் வேறு. சீட்டு எண்ணை வரிசைப்படி கூப்பிட வைத்தேன், பெஞ்சை மாற்றிப் போட்டேன். கொஞ்சம் மாறியது. முழுக்க மாறிற்று என்று சொன்னால் பொய்.

தங்குவது பற்றி. முதல் இரண்டு ஆண்டாவது அங்கேயே தங்குங்கள். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ் ஏராளம், போய்வருவது எளிது. ஆனால் நோய் நாலு மணிக்குப் பிறகு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. விடியற்காலைக் கதவு தட்டல்தான் உங்களை மருத்துவராக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தங்கச் சொல்லவில்லை. கதவுத் தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, வாசல் விளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டில் செவிலியர் யாராவது குடும்பத்தோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் பண்ருட்டி டவுனில் வீடு எடுங்கள். உங்கள் உயிருக்குப் பயந்துகொண்டு அடுத்தவர் உயிரைப் பார்க்க முடியாது.

தனிமை இருக்கும். ஏழு மணிக்கு மேல் பேச ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், தனியாக விடவும்மாட்டார்கள். நீங்கள் சந்தையில் என்ன மீன் வாங்கினீர்கள் என்பது நீங்கள் வீடு சேர்வதற்குள் தெரிந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார், கல்யாணம் எப்போது, குழந்தை ஏன் இல்லை என்று நேருக்கு நேர் கேட்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. நாமும் நாள் முழுக்க அவர்களிடம் அதைத்தானே கேட்கிறோம், மாதவிலக்கு எப்போது வந்தது, மலம் எப்படிப் போகிறது என்று!

மேற்படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் பட்ட மேற்படிப்புக்கான மாநில இடங்களில் பாதி அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. நீட் முதுநிலைத் தேர்வு எழுதத்தான் வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும், என் காலத்தில் மின்வெட்டு வேறு இருந்தது.

படிப்பு துருப்பிடிக்காமல் இருக்க என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. மேல் சிகிச்சைக்கு அனுப்பிய ஒவ்வொருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுவேன். கடலூர், முண்டியம்பாக்கம், சிதம்பரம், ஜிப்மர், எங்கே அனுப்பினேன், என்ன நோய் என்று நினைத்து அனுப்பினேன். மாதம் ஒரு நாள் அங்கே போயோ தொலைபேசியிலோ, உண்மையில் என்னவாக இருந்தது என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுவேன். என் ஊகம் தப்பான பக்கங்களில் சிவப்பு மை. முதலாண்டு நோட்டு ஏறக்குறைய சிவப்பு நோட்டு.

பலாக் கொல்லைக்காரர் கதையை முடிக்கவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலா, முந்திரி, எல்லாம் வேரோடு சாய்ந்தன. முதல் வாரம் வந்தவர்கள் ஓடு விழுந்து தலை உடைந்தவர்களும், மரம் அறுக்கும்போது கை அறுபட்டவர்களும். தடுப்பூசியும் தையலுமாக நாட்கள் ஓடின. இரண்டாவது வாரத்திலிருந்து வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்கள், நாற்பது ஐம்பது வயது. நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கிறது, தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தால் குறை ஒன்றும் இல்லை. அவரும் வந்தார். பாம்பு கடித்தபோதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. "இதயத்துக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னேன். "மரம் ஒன்றுகூட இல்லை" என்றார்.

மறுநாள் மாலை அவருடைய கொல்லைக்குப் போனேன். அவர் தாத்தா வைத்த பலா, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதது, வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அந்தக் குழியின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் மருந்து எழுதவில்லை. பத்து நாள் கழித்தும் தூக்கம் வரவில்லை என்றதும் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அந்த ஆண்டு அப்படி அனுப்பிய பலரில் அவரும் ஒருவர். எல்லாரும் தேறவில்லை. அவர் தேறினார். புதுக் கன்று வைத்தார், அது காய்த்தபோது நான் கடலூருக்கு வந்துவிட்டேன். முதல் பழம் பஸ்ஸில் வந்தது, கண்டக்டர் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார்.

என்ன எடுத்து வர வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நல்ல டார்ச் ஒன்று. கணுக்காலை மூடும் காலணி. உங்களுக்கென்று தனியாக ஒரு ரத்த அழுத்தக் கருவி, நிலையத்தில் இருப்பதை நம்பாதீர்கள். ஒரு கொசுவலை, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்கிற அளவு பெரியதாக. அது கொசுவுக்கு மட்டும் இல்லை, கட்டுவிரியனுக்கும் சேர்த்து. முதல் ராத்திரிகூடத் தரையில் படுக்காதீர்கள். கட்டிலைச் சென்னையிலிருந்து ஏற்றி வர வேண்டாம், பண்ருட்டியில் பலா மரத்திலேயே செய்து தருவார்கள்.